அரிசிக் கணக்கின் இருபது இலக்க எண்: கையாலேயே பிரித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

18446744073709551615

இப்படி ஒரு எண்ணைக் கொடுத்து "இதன் பண்புகள் என்ன? எதெதால் வகுபடும்? பகா எண்ணா?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? இணையத்தில் ஒரு கருவியில் போட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும். அதில் தவறில்லை. ஆனால் ஒரு முறையாவது பெரிய எண்ணைக் கையால் பிரித்துப் பார்த்தவர்களுக்கு, அடுத்த பெரிய எண்ணைக் கண்டால் பயம் வராது. அந்த ஒரு முறைக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடைப்பது கஷ்டம்.

தேவையானவை: ஒரு நோட்டு, பேனா, பத்து இலக்கம் காட்டும் சாதாரண கால்குலேட்டர். எட்டாம் வகுப்புக் கணக்கு நினைவிருந்தால் போதும். முழுதாகச் செய்ய ஒரு மாலைப்பொழுது ஆகலாம்.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள்

இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. படிக்கத் தெரியாத எண்ணை எழுதும்போது ஓர் இலக்கம் விட்டுப்போனால்கூடத் தெரியாது. கோடி என்பது ஏழு பூஜ்யம். ஆகவே வலப்பக்கத்திலிருந்து ஏழு ஏழாக வெட்டுங்கள்:

184467 | 4407370 | 9551615

இடப்பக்கத் துண்டு கோடி கோடி, நடுத்துண்டு கோடி, கடைசித் துண்டு அப்படியே. ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மூச்சு வாங்கும், பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நான் இந்த எண்ணை ஓர் அட்டவணை மென்பொருளில் தட்டினேன். திரையில் வந்தது 18446744073709600000. பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. 5-இல் முடிந்த ஒற்றைப்படை எண், கேட்காமலே இரட்டைப்படை ஆகிவிட்டது. அது தெரியாமல் அரை மணி நேரம் வகுத்துக்கொண்டிருந்தேன். கணினி வேண்டும் என்றால் பைத்தான் போன்ற நிரல் மொழியில் 2**64-1 என்று கொடுங்கள். முழு எண்களை அது ஓர் இலக்கம்கூட விடாமல் வைத்துக்கொள்ளும்.

அடுத்து, எங்கே பிறந்தது என்று கேளுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நேராக 3-ஆல் வகு, 7-ஆல் வகு என்று இறங்கிவிடுவார்கள். எந்தக் கணக்கிலிருந்து எண் வந்தது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நம் எண் சதுரங்கப் பலகையில் பிறந்தது. முதல் கட்டத்தில் ஒரு அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே 64 கட்டமும் நிரப்பினால் வரும் மொத்தம் இது. கேரளத்து அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலில் இந்தக் கதைக்கு ஒரு வடிவம் உண்டு. சதுரங்கப் பித்துப் பிடித்த மன்னனிடம் கிருஷ்ணன் முனிவர் வேடத்தில் வந்து ஆடி ஜெயிக்கிறான். பந்தயப் பொருள் இந்த அரிசி. மன்னனால் கொடுத்து மாளவில்லை. வருகிற பக்தர்களுக்குப் பாயசமாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடு என்று கிருஷ்ணன் இறங்கி வந்தானாம். அம்பலப்புழைப் பால்பாயசத்துக்குச் சொல்லப்படும் காரணம் இது. ஒரு அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 46,000 கோடி டன். உலகம் முழுக்க ஓர் ஆண்டில் விளையும் அரிசி ஐம்பது கோடி டன்னுக்குச் சற்று அதிகம். ஆகக் கிட்டத்தட்ட 900 ஆண்டு விளைச்சல். கடன் இன்னும் அடைந்திருக்காது.

சரி, கணக்குக்கு வருவோம். 1+2 = 3, அது 4-க்கு ஒன்று குறைவு. 1+2+4 = 7, அது 8-க்கு ஒன்று குறைவு. இப்படியே போனால் 64 கட்டத்தின் கூட்டுத்தொகை 2⁶⁴ − 1. நோட்டின் மேல் மூலையில் இதைப் பெரிதாக எழுதி வட்டமிடுங்கள். இருபது இலக்கத்தைக் கொண்டு செய்ய முடியாததை இந்த நாலு எழுத்தைக் கொண்டு செய்யப் போகிறோம்.

இதை வைத்து உடனே இரண்டு விஷயம் சரிபார்க்கலாம். 2-இன் மடக்கை (பத்தை அடியாகக் கொண்ட log) 0.30103, அதை 64-ஆல் பெருக்கினால் 19.2659. முழுப்பகுதியோடு ஒன்றைக் கூட்டினால் இலக்க எண்ணிக்கை. ஆகவே இலக்கங்கள் 20. எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற சுழலில் முடியும். 64 நான்கால் வகுபடுவதால் 2⁶⁴ முடிவது 6-இல், ஒன்றைக் கழித்தால் 5-இல்.

சின்னச் சின்ன சோதனைகள்

5-இல் முடிவதால் 5-ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 15 என்பதால் 25-ஆல் வகுபடாது.

இலக்கங்களைக் கூட்டினால் 87. அது மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. எண்ணும் அப்படித்தான். 87-ஐ மறுபடி கூட்டினால் 15, அதையும் கூட்டினால் 6. இந்த 6-ஐ ஓரத்தில் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும். அதே 6 இன்னொன்றும் சொல்கிறது: எந்த முழு வர்க்கத்தையும் ஒன்பதால் வகுத்தால் மீதி 0, 1, 4, 7 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நமக்கு 6 வந்ததால் இது வர்க்க எண் இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிடலாம். 7 × 11 × 13 = 1001. ஆயிரத்துக்கு ஒன்று கூடினால் 1001 என்பதால், எண்ணை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, வலப்பக்கத்திலிருந்து மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் வந்தால் போதும்:

615 − 551 + 709 − 073 + 744 − 446 + 18 = 1016

1016-இலிருந்து 1001 போனால் 15. பதினைந்தை 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் 4, 13-ஆல் வகுத்தால் 2. மூன்றுமே வகுக்கவில்லை. பள்ளியில் 7-க்கான விதி என்று கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கழிக்கச் சொல்லித் தருவார்கள். இருபது இலக்கத்துக்கு அதைச் செய்து பாருங்கள், ஏன் நான் இதைச் சிபாரிசு செய்கிறேன் என்று புரியும்.

இப்போது கத்தியை எடுக்கலாம்

a² − b² = (a − b)(a + b). எட்டாம் வகுப்பில் பார்த்த முற்றொருமை. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம், 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1)

இடப்பக்க அடைப்புக்குள் மறுபடியும் அதே வடிவம். அதையும் பிளக்கலாம், அதில் வருவதையும் பிளக்கலாம். வாழைத்தண்டைப் பட்டை பட்டையாக உரிப்பது போலத்தான். கடைசியில் மிஞ்சும் 2 − 1 வெறும் ஒன்று. உரிந்து வந்த பட்டைகள் மட்டும் இவை:

(2+1)(2²+1)(2⁴+1)(2⁸+1)(2¹⁶+1)(2³²+1) = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒரு தடவைகூட நீள வகுத்தல் செய்யவில்லை, கவனித்தீர்களா? ஒன்று ஒன்றாக வகுத்துப் போயிருந்தால் 65537-ஐ அடைவதற்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களைத் தாண்ட வேண்டியிருந்திருக்கும்.

இந்த வடிவ எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். பிரான்சைச் சேர்ந்த கணிதர் பியர் தெ ஃபெர்மா 1640-இல் இவை எல்லாமே பகா எண்கள் என்று நம்பி எழுதினார். முதல் ஐந்தும் உண்மையிலேயே பகா எண்கள். 3, 5, 17-க்குச் சோதனை தேவையில்லை. 257-இன் வர்க்கமூலம் 16-க்குச் சற்று மேல். 2, 3, 5, 7, 11, 13 ஆறும் வகுக்கவில்லை என்று மனக்கணக்கிலேயே பார்த்துவிடலாம். 65537-ஐக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்ப்போம், ஒரே ஒரு வகுத்தலில் முடியும்.

முரண்டு பிடிக்கும் கடைசி எண்

4294967297. இதன் வர்க்கமூலம் 65,536-ஐ ஒட்டி வரும். அதற்குக் கீழே உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது மனிதர் செய்கிற வேலை இல்லை. 1732-இல் லியோனார்டு ஆய்லர் என்ற கணிதர் இது பகா எண் இல்லை என்று காட்டினார். அவர் செய்த தந்திரத்தை நிதானமாகப் பார்ப்போம். கட்டுரையில் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

முதலில் சின்ன உதாரணம். 2, 4, 8, 16, 32... என்று இரண்டின் அடுக்குகளை 17-ஆல் வகுத்து மீதிகளை எழுதுங்கள்: 2, 4, 8, 16, 15, 13, 9, 1. எட்டாவதில் 1 வந்துவிட்டது, இனி மறுபடி 2, 4, 8 என்று சுழலும். சுழலின் நீளம் 8. நான்காவதில் வந்த 16 என்பது 17-க்கு ஒன்று குறைவு, அதாவது −1. பாதி வழியில் −1, முழு வழியில் 1.

இதே கதைதான் நம் எண்ணிலும். p என்ற பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 2³²-ஐ p-ஆல் வகுத்தால் மீதி −1, 2⁶⁴-ஐ வகுத்தால் மீதி 1. ஆகவே சுழலின் நீளம் சரியாக 64. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-ஐ p − 1 தடவை பெருக்கினால் மீதி எப்போதும் 1. சுழல் அந்த இடத்தில் முழுச் சுற்றாக முடிந்தாக வேண்டும். எனவே p − 1 என்பது 64-இன் மடங்கு.

பிறகு 1878-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா இதை இன்னும் இறுக்கிக் கொடுத்தார்: 64-இன் மடங்கு போதாது, 128-இன் மடங்காக இருக்க வேண்டும். நமக்கு வேலை பாதியாகிறது. 128-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டி வரிசையாக எழுதுங்கள்:

129, 257, 385, 513, 641...

129 மூன்றால் வகுபடும். 257 ஏற்கெனவே நம் பட்டியலில் உள்ள ஃபெர்மா எண். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இருக்காது, ஆகவே விடலாம். 385 ஐந்தால் போகும், 513 மூன்றால் போகும். அடுத்தது 641. கால்குலேட்டரை எடுங்கள்:

4294967297 ÷ 641 = 6700417

மீதி இல்லை! ஃபெர்மாவின் நம்பிக்கை உடைந்தது இந்த ஒரு வகுத்தலில்தான். அவர் தன் தேற்றத்தையே தன் எண்ணில் போட்டுப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கால்குலேட்டரை நம்பாதவர்களுக்கு: 641 = 5 × 128 + 1, அதோடு 641 = 625 + 16. முதலாவது, 5 × 2⁷ என்பதன் மீதி −1 என்கிறது. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1. இரண்டாவது, 5⁴-இன் மீதி −2⁴ என்கிறது. அங்கே இதைப் போட்டால் −2³² என்பதன் மீதி 1. அதாவது 2³² + 1-இன் மீதி பூஜ்யம். இதை நண்பர் யாருக்காவது எழுதிக் காட்டிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

6700417 பகா எண்ணா?

இங்கே அவசரப்பட்டு "பெரிதாக இருக்கிறது, பகா எண்ணாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிடக்கூடாது. வர்க்கமூலம் 2588-க்கும் 2589-க்கும் இடையில். அதன் எந்தப் பகாக் காரணியும் 2³² + 1-இன் காரணியும்தானே? ஆகவே அதே 128 விதி இதற்கும் பொருந்தும். 129-இல் தொடங்கி 2561 வரை இருபது எண்கள் உண்டு. அவற்றில் பதினைந்து, சிறு எண்களால் வகுபட்டுப் போய்விடும். சில மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: 1537 = 29 × 53, 1921 = 17 × 113, 2561 = 13 × 197. மிஞ்சுவது ஐந்து. வகுத்தால் வரும் மீதிகள்:

257-க்கு 170
641-க்கு 44
769-க்கு 120
1153-க்கு 334
1409-க்கு 622

ஒன்றும் பூஜ்யம் இல்லை. ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்று ஐந்தே வகுத்தலில் நிரூபித்துவிட்டீர்கள். 65537-க்கும் இதே வழி. விதியில் வரும் எண் அடுக்கின் நான்கு மடங்கு: அடுக்கு 32-க்கு 128. இதன் அடுக்கு 16 என்பதால் விதி 64-இன் மடங்கு ஆகிறது. வர்க்கமூலமான 256-க்குள் வருவது 65, 129, 193. முதல் இரண்டும் பகு எண்கள். 193-ஆல் வகுத்தால் மீதி 110. முடிந்தது.

முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

சரிபார்க்காமல் மூடாதீர்கள்

ஓரத்தில் குறித்த 6 இப்போது வேலைக்கு வருகிறது. ஏழு காரணிகளின் இலக்கங்களையும் ஒற்றை இலக்கமாகும் வரை கூட்டினால் 3, 5, 8, 5, 2, 8, 7. இவற்றைப் பெருக்கி, அவ்வப்போது ஒன்பதுகளை விட்டுக்கொண்டே போனால் கடைசியில் 6. பொருந்துகிறது. ஆனால் இலக்கங்கள் இடம் மாறிப்போனால் ஒன்பதுச் சோதனைக்குத் தெரியாது. அதனால் 11-ஐயும் பாருங்கள். காரணிகளை 11-ஆல் வகுத்த மீதிகள் 3, 5, 6, 4, 3, 10, 9. பெருக்கி 11-களை விட்டால் 4. மேலே 1001 சோதனையில் 11-க்கு வந்த மீதியும் 4-தான். இரண்டும் ஒத்துப்போனால் நான் நிம்மதியாக நோட்டை மூடுவேன்.

காரணிகள் கையில் வந்த பிறகு

இனி மற்ற பண்புகள் தானாக விழும். ஏழு பகா எண்களும் ஒவ்வொரு தடவைதான் வருகின்றன. ஆகவே 1-ஐத் தவிர வேறு எந்த முழு வர்க்கமும் இதை வகுக்காது. வகுத்திகள் எத்தனை? ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்கலாம் அல்லது விடலாம். இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128. தன்னைத் தவிர்த்த மற்ற 127 வகுத்திகளையும் கூட்டினால் எண்ணின் சுமார் 70 சதவீதம்தான் வரும். 6, 28 போன்ற நிறைவெண்களில் அது சரியாக 100 சதவீதம் இருக்கும். ஆகவே இது குறைவெண். நான்கால் வகுத்தால் மீதி 3 வருவதால் இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவும் முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த பண்பு வேறு. முதல் ஐந்து காரணிப் பட்டைகளை மட்டும் பெருக்குங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. ஜெர்மன் கணிதர் கௌஸ் 1796-இல், பதினெட்டு வயதில், அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு 17 பக்கச் சீர் பலகோணம் வரையலாம் என்று காட்டினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட சீர் பலகோணத்தை அப்படி வரைய வேண்டுமானால் பக்க எண்ணிக்கை, வெவ்வேறான ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் இந்த ஐந்து மட்டுமே. ஆகவே நாம் அறிந்தவரை அப்படி வரையக்கூடிய மிகப் பெரிய ஒற்றைப்படைப் பலகோணத்துக்குப் பக்கங்கள் 4294967295. வரைந்தால் வட்டம் மாதிரிதான் தெரியும், அது வேறு விஷயம்.

இரும எண்ணாக எழுதினால் நம் எண் வெறும் 64 ஒன்றுகள். 64 பிட் கணினி ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுதான். இன்னும் ஒன்று கூட்டினால் அந்த இடம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மேலே சொன்ன லூக்கா 1883-இல் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். அதோடு சொல்லப்பட்ட கதையில் 64 தட்டுகள். ஒரு தடவைக்கு ஒரு தட்டு, சிறியதன் மேல் பெரியது வரக்கூடாது என்ற விதியோடு, மூன்று கம்பிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அவற்றை இடம் மாற்றக் குறைந்தபட்சம் எத்தனை நகர்த்தல் வேண்டும்? அதே 18446744073709551615. நொடிக்கு ஒன்று நகர்த்தினால் சுமார் 58,000 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுதான்.

இன்னும் ஆசை இருந்தால் அடுத்த பட்டையை எடுங்கள்: 2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617. பார்க்க நம் எண்ணைவிட இரண்டுதான் அதிகம். ஆனால் இதைப் பிரித்து வெளியிட்டவர் ஃபோர்த்துனே லாந்ரி, 1880-இல், அப்போது அவருக்கு வயது 82. விதி இப்போது 256-இன் மடங்கு கூட்டல் ஒன்று. 257, 513, 769 என்று தொடங்கி எழுதிக்கொண்டே போக வேண்டும். 256 × 1071 + 1 = 274177 என்ற இடத்தில் பிடிபடும். 1071-வது வரி வரை போக எனக்குப் பொறுமை இல்லை. நான் 274177-ஆல் மட்டும் வகுத்துப் பார்த்தேன். 67280421310721 வந்தது, மீதி இல்லை.